மழை பெய்தும் மண் நனையலையா?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கரிசலும் உண்டு, செம்மண்ணும் உண்டு. கரிசல், வெடிப்பு வழியா முதல் மழையைக் குடிச்சிடும். சிக்கல் செம்மண் புன்செயில்தான். நல்ல மழைக்கு மறுநாள் மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டிப் பாருங்க. மேலே ஈரம், கீழே புழுதி என்றால் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடைக்குப் போய்விட்டது.

ஏன்? தொழுவுரம் போடாத மண்ணில் மண்துகள்களைப் பிடித்துவைக்கும் மக்கு குறைந்துவிடும். மழைத்துளி அடித்ததும் மண்கட்டி கரைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்துவிடும். காய்ந்தால் அப்பளம் மாதிரி ஒரு மேலோடு. அடுத்த மழை அதன்மேல் வழிந்து, மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். வருஷக்கணக்கில் ஒரே ஆழத்தில் டிராக்டர் உழவு ஓட்டினால் அடியிலும் மண் இறுகிப்போகும். வேரும் இறங்காது, நீரும் இறங்காது.

அந்த இறுக்கத்தை உடைக்க 3 வருஷத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டுங்க. சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு போடுங்க. வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலியில் வாடகைக்கு முன்பதிவு செய்யலாம்.

குளத்து வண்டல் போட்டால் செம்மண்ணில் ஈரம் நிற்கும். 2024 முதல் வட்டாட்சியர் அனுமதியே போதும்; இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை இலவசம். வண்டிச் செலவு மட்டும் உங்களோடது.