பகிரும் பெட்டி காக்கும் பெட்டியாகுமா?

உங்கள் வீட்டிலுள்ள படங்களையும் ஆவணங்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க முடியுமா? சற்று எண்ணிப் பாருங்கள். தங்கையின் திருமணப் படங்கள் அண்ணனின் மடிக்கணினியில் இருக்கும். தாத்தா பேசிய பேச்சு அம்மாவின் செல்பேசியில் இருக்கும். நிலப் பத்திரத்தைப் படமெடுத்து வைத்தது அப்பாவின் செல்பேசியில். சிங்கப்பூரிலிருந்து மாமா அனுப்பிய காணொளி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஏதேனும் ஒன்று வேண்டுமென்றால் பென் டிரைவைத் தேட வேண்டும். அல்லது ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இருவர் வாட்ஸ்அப் வழியாக அனுப்பிக் கொள்ள வேண்டும். பக்கத்து அறைக்குப் போக வேண்டிய படம், எங்கோ தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறி வரை போய்த் திரும்புகிறது. போகிற வழியில் அதன் நுணுக்கமும் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது.

இந்த அலைச்சலைத் தீர்க்க வந்ததுதான் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி. கடைக்காரர்கள் இதை ‘நாஸ்’ என்பார்கள். இரண்டு மூன்று செங்கற்களை அடுக்கி வைத்த அளவுதான் இருக்கும். இது எப்படி வேலை செய்கிறது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். எதைச் செய்யாது என்பதுதான் இவற்றுள் முக்கியமானது.

நூலகரும் அலமாரியும்

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தங்கள் சொந்த முயற்சியில் உருவாக்கியது. இலட்சத்திற்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே சேர்ந்தன. அரிய முதற்பதிப்புகள் பல. ஒரு குடும்பத்தின் சேகரிப்பு எத்தனையோ ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது எதனால்? நூல்கள் ஓரிடத்தில் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்று அறிந்தவர் இருந்தார். வருபவர் கேட்டால் எடுத்துக் கொடுத்தார்.

சேமிப்புப் பெட்டியும் இதே முறைப்படிதான் இயங்குகிறது. அதற்குள் இருக்கும் வட்டுகள் அலமாரிகள். அவற்றோடு ஒரு சிறு கணிப்பொறியும் இருக்கிறது, அதுதான் நூலகர். இந்தக் கணிப்பொறிக்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. வீட்டிலுள்ள இணைய ரவுட்டரோடு ஒரு கேபிளால் இணைத்துவிட்டால் இரவும் பகலும் விழித்திருந்து, கேட்பவர்க்குக் கோப்புகளைக் கொடுப்பதே அதன் வேலை. சாதாரண வெளி வட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். வெளி வட்டு நூலகர் இல்லாத அலமாரி. ஒரு நேரத்தில் ஒரே கணிப்பொறியோடுதான் அதைச் செருக முடியும்.

ஒரு படம் பயணம் செய்கிறது

நீங்கள் கூடத்தில் அமர்ந்து, பெட்டியிலுள்ள ஒரு படத்தைச் செல்பேசியில் தொடுகிறீர்கள். என்ன நடக்கிறது?

வீட்டு வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண்முகவரி கொடுத்திருக்கும். பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். இவ்வகை முகவரிகள் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே மட்டும் வழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. தெருவுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வழங்கும் செல்லப் பெயரைப் போன்றவை என்று சொல்லலாம். செல்பேசி, பெட்டியின் முகவரிக்கு விண்ணப்பம் அனுப்புகிறது. பெட்டி முதலில் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கிறது. பிறகு அந்தக் கோப்பைப் பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டா என்று பார்க்கிறது. அனுமதி இருந்தால் படத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி அனுப்புகிறது. ஒரு துண்டில் ஏறத்தாழ 1,460 பைட்டுகள் அடங்கும். ஆகவே 5 மெகாபைட் அளவுள்ள ஒரு படம் சுமார் 3,400 துண்டுகளாகப் புறப்படுகிறது. வழியில் ஒன்று தவறினாலும் அந்தத் துண்டு மட்டும் மறுபடி அனுப்பப்படும். எல்லாம் வந்து சேர்ந்ததும் செல்பேசி அவற்றை வரிசைப்படுத்திப் படமாக்கிக் காட்டுகிறது.

விண்டோஸ் கணிப்பொறியும் லினக்ஸ் பெட்டியும் வெவ்வேறு இனத்தவை ஆயிற்றே, எப்படிப் பேசிக் கொள்கின்றன என்று கேட்கிறீர்களா? ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிஜெல் என்பவர் 1991-இன் இறுதியில் எழுதத் தொடங்கிய ஒரு நிரல், இன்று ‘சாம்பா’ என்ற பெயரில் உலகெங்கும் வழங்குகிறது. விண்டோஸ் புரிந்துகொள்ளும் பேச்சை மற்ற கணிப்பொறிகளும் பேச அது வகை செய்தது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இன்று வீட்டுப் பெட்டிகள் பலவற்றினுள் இருந்து பேசுவது இந்த நிரல்தான்.

இந்தப் பயணம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். வெளி இணையம் அறுந்து போனாலும், ரவுட்டருக்கும் பெட்டிக்கும் மின்சாரம் இருக்கும் வரை பகிர்வு நடக்கும்.

எவ்வளவு வேகம்?

விளம்பரங்களில் வேகத்தை பிட்டுகளில் சொல்வார்கள். கோப்பின் அளவையோ பைட்டுகளில் சொல்வார்கள். 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே ‘100 மெகாபிட்’ என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான். 1,000 மெகாபிட் கேபிளில் கணக்குப்படி 125 மெகாபைட். நடைமுறையில் சுமார் 110 கிடைக்கும். 2,000 மெகாபைட் அளவுள்ள ஒரு திருமணக் காணொளியை எடுத்துக் கொள்வோம். 1,000 மெகாபிட் கேபிளில் அது 18 நொடியில் போய்ச் சேரும். 100 மெகாபிட் இணைப்பில் சுமார் 3 நிமிடம் ஆகும். நொடிக்கு 10 மெகாபிட் மேலே அனுப்பக்கூடிய இணைய இணைப்பில் அதையே தொலைதூரக் கணிப்பொறிக்கு ஏற்றினால் சுமார் 27 நிமிடம் பிடிக்கும். வீட்டுக்குள் பகிர்வதன் பயன் இப்போது விளங்குகிறதல்லவா?

சுழலும் வட்டு

பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் ஒரு வியப்பான பொறி. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் 3.5 அங்குல வகையில் வட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 95 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. திருச்சிச் சாலையில் விரையும் காரின் வேகம் அது. அந்த வட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில், காற்றுப் படலத்தில் மிதந்தபடி படிக்கும் தலை இயங்குகிறது. நம் தலைமுடியின் தடிமன் இந்த இடைவெளியைப் போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். இப்படி ஓடுகிற எதுவும் ஒருநாள் தேயும், நிற்கும். எந்த வட்டும் சாகாவரம் பெற்றதல்ல.

இதற்கு ஒரு தீர்வை 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுரையில் முறைப்படுத்தினர். பல வட்டுகளைக் கூட்டாக இயக்கி, ஒன்று பழுதானாலும் செய்தி அழியாமல் காப்பதே அம்முறை. எளிய வகையில், இரண்டு வட்டுகளிலும் ஒரே செய்தி எழுதப்படும். இது கண்ணாடி முறை. மூன்று வட்டுகள் இருந்தால் இன்னும் சிக்கனமான வழி உண்டு. முதல் வட்டில் 1, இரண்டாவதில் 0 என்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்றையும் கூட்டினால் இரட்டைப்படை எண் வர வேண்டும் என்பது விதி. ஆகவே மூன்றாவதில் 1 எழுதப்படும். இப்போது இரண்டாவது வட்டு பழுதாகிவிட்டது. அதில் என்ன இருந்தது? மற்ற இரண்டும் சேர்ந்து 2, அதுவே இரட்டைப்படை. ஆகவே தொலைந்தது 0. கோடிக்கணக்கான பிட்டுகளையும் பெட்டி இப்படியே மீட்டுவிடும்!

கண்ணாடி காக்காத இடம்

இனிமேல் கவலையில்லை என்று நினைக்கத் தோன்றும். கடைகளிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் முகத்தில் மை பட்டால் கண்ணாடியிலும் மை தெரியும். ஒரு குழந்தை தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், அடுத்த கணமே இரண்டு வட்டுகளிலும் அது அழிந்துவிடும். வட்டின் பழுதிலிருந்து மட்டுமே இம்முறை காக்கும். மனிதனின் கையிலிருந்து காக்காது.

நம் மாவட்டத்திலேயே இதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. குடுமியான்மலைக் குன்றில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டை இன்றும் காணலாம். திருமயம் சிவன் குடைவரையிலும் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. பிற்காலத்தில் அதன் பெரும்பகுதியை அழித்துவிட்டு, அதே பாறையில் 13-ஆம் நூற்றாண்டில் வேறொரு கல்வெட்டைப் பொறித்தார்கள். கல்லைவிட உறுதியான சேமிப்பு உண்டா? பாறை பழுதடையவில்லை, ஆனால் அதில் எழுதியிருந்தது போயிற்று. கணிப்பொறி மொழியில் இதற்கு மேலெழுதுதல் என்று பெயர்.

அடுத்தது, வெளியிலிருந்து வரும் ஆபத்து. 2021 ஜூன் மாதத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘மை புக் லைவ்’ என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள் உலகின் பல நாடுகளில் திடீரெனக் காலியாயின. 2015-க்குப் பின் அவற்றுக்குப் புதுப்பிப்பு எதுவும் வரவில்லை. இணையத்தோடு நேராகத் தொடர்பு கொண்டிருந்த பெட்டிகளுக்குள் யாரோ புகுந்து, எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். உடனே இணையத்திலிருந்து துண்டியுங்கள் என்று நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. பல குடும்பங்களின் ஆண்டுக்கணக்கான படங்கள் ஓர் இரவில் மறைந்தன.

மூன்றாவது, இடத்தின் ஆபத்து. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலை நாம் மறக்க முடியாது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன, மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மழைநீர் இறங்கும் வீட்டில், ஒரே பெட்டிக்குள் அருகருகே இருக்கும் இரண்டு வட்டுகளும் ஒன்றாகத்தானே நனையும்? திருடன் வந்தாலும் பெட்டியோடுதான் எடுத்துப் போவான்.

ஆகவே பகிர்வது வேறு, காப்பது வேறு. பெட்டி முதல் வேலையைச் சிறப்பாகச் செய்யும். இரண்டாவதை நாம்தான் செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

எந்த முக்கியக் கோப்புக்கும் மூன்று படிகள் இருக்கட்டும்; அவை இரு வேறு சாதனங்களிலாவது இருக்கட்டும்; ஒரு படி வேறு ஊரில் இருக்கட்டும். நடைமுறையில் இது கடினமன்று. பெட்டியில் இருப்பது ஒன்று. மாதம் ஒருமுறை ஒரு வெளி வட்டைச் செருகி, எல்லாவற்றையும் படியெடுத்து, உடனே கழற்றி பீரோவில் வைத்தால் இரண்டாவது தயார். கழற்றி வைப்பது முக்கியம். செருகாத வட்டை எந்தக் கள்வனும் இணையம் வழியாகத் தொட முடியாது. இன்னொரு வட்டைப் பூட்டுச்சொல்லிட்டுத் திருச்சியிலோ மதுரையிலோ உள்ள அக்காள் வீட்டில் வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக் கொள்ளலாம். பூட்டுச்சொல் குடும்பத்தில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் படிகளிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத படியை நம்ப முடியாது.

பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். வெளியூரிலிருந்தும் பார்க்கலாம் என்ற வசதி உங்களுக்குத் தேவையில்லையானால் அணைத்து வையுங்கள். வரும் புதுப்பிப்புகளைத் தவறாமல் ஏற்றுங்கள். முந்தைய நிலைகளைப் பதிந்து வைக்கும் வசதி பெட்டியில் இருந்தால் இயக்குங்கள்; தவறி அழித்ததை மீட்க அது உதவும்.

நம் ஊர் வெயிலையும் மின்வெட்டையும் கணக்கில் கொள்ளுங்கள். பல பெட்டிகளுக்குச் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் ஏற்றது. மூடிய மர அலமாரிக்குள்ளோ ஓட்டுக் கூரையின் அடியிலோ வைத்தால் மே மாதத்தில் அந்த அளவை எளிதில் தாண்டும். காற்றோட்டமான, தூசு குறைந்த இடமே நல்லது. எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு பாதியில் சிதையும்; எனவே ஒரு சிறிய யு.பி.எஸ். அவசியம். 20 வாட் பெட்டி ஒன்று நாளுக்கு 0.48 யூனிட் மின்சாரம் உண்ணும். இரண்டு மாதக் கணக்கில் சுமார் 29 யூனிட்.

புதுப் பெட்டி வாங்க வசதியில்லையா? பல ரவுட்டர்களின் பின்புறம் யு.எஸ்.பி. துளை ஒன்று இருக்கும். அதில் ஒரு வெளி வட்டைச் செருகி, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பகிர்வை இயக்கிப் பாருங்கள். பழைய கணிப்பொறியில் லினக்ஸும் சாம்பாவும் நிறுவியும் இதே பயனைப் பெறலாம். வேகம் குறையலாம், தத்துவம் ஒன்றே.

இந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அமர்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். வீட்டில் இருப்பவற்றில் எதெதற்கு ஒரே ஒரு படிதான் இருக்கிறது? தாத்தாவின் குரலா, பத்திரத்தின் படமா, பிள்ளையின் முதல் நடையா? பெட்டியை வாங்குவது பிறகு இருக்கட்டும். முதலில் அவற்றுக்கு இரண்டாவது படி எடுங்கள்.