பகலில் கேளாத ரேடியோ இரவில் கேட்பது ஏன்?

கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணிக்குத் திருவண்ணாமலையின் உச்சியில், 2,668 அடி உயரத்தில், தீபம் ஏற்றப்படுகிறது. ஒளியானது நேர்க்கோட்டில் செல்வது. குறுக்கே ஒரு குன்று நின்றாலும், பூமியின் வளைவு மறைத்தாலும், அப்பாலுள்ளவர்களுக்குத் தீபம் தெரியாது. எத்தனை குடம் நெய் வார்த்தாலும் சென்னைக் கடற்கரையில் நிற்பவர் அதைக் காண இயலாது. ரேடியோ அலையின் விஷயம் வேறு. அதே மாலையில், அதே நேரத்தில், மலையடிவாரத்துச் சிற்றூரில் பகல் முழுவதும் வெறும் இரைச்சலையே தந்துகொண்டிருந்த பெட்டியில், நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்குகின்றன.

ஒரு சங்கம் பொதுப் பணத்தைக் கொண்டு மத்திய அலைப் பெட்டி ஒன்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பகலில் தூரத்து நிலையம் ஒன்றும் வரவில்லை. இரவிலோ கொழும்பு தெளிவாகக் கேட்கிறது. அருகிலுள்ள சென்னை மட்டும் ஏறியும் இறங்கியும், சில சமயம் குரல் கரகரத்தும் வருகிறது. அங்கத்தினர்கள் பொதுச்சபைக் கூட்டத்தில் காரியதரிசியைக் கேள்வி கேட்பார்கள். அவர் மட்டமான சரக்கை வாங்கிவிட்டார் என்று ஒருவர் சொல்வார். பெட்டியைப் பழுது பார்ப்பவரோ இதுதான் சமயமென்று புதிய உறுப்புகளுக்குக் கணக்கெழுதுவார். உண்மையில் பெட்டியிலும் குற்றமில்லை, காரியதரிசியிடமும் குற்றமில்லை. காரணம் ஆகாயத்தில் இருக்கிறது.

1901-ம் ஆண்டு டிசம்பர் மாதம் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அக்கரையில் ரேடியோக் குறியைக் கேட்டதாக அறிவித்தபோது, பூமியின் வளைவைத் தாண்டி அது எவ்வாறு வந்தது என்று அறிஞர்கள் திகைத்தனர். மேலே மின்சாரத் தன்மையுள்ள ஒரு படலம் கண்ணாடிபோல் நின்று அலையைக் கீழே திருப்புகிறது என்று கென்னெலி, ஹெவிஸைட் என்ற இருவரும் 1902-ல் தனித்தனியே ஊகித்தார்கள். 1924-ல் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் மெய்ப்பித்து, 1947-ல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் கல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா இத்துறையில் உழைத்து, மேல் வாயுமண்டலத்தைப் பற்றி 1947-ல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். சென்னையிலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-ல் சென்னை மாகாண ரேடியோ கழகம் தோன்றியது. கழகம் பணமின்றி ஓய்ந்தபின் 1930-ல் நகரசபையும், 1938 ஜூன் 16 முதல் ஆல் இந்தியா ரேடியோவும் ஒலிபரப்பை நடத்தின.

இப்படலங்களை உண்டாக்குவது சூரிய கிரணம். அது காற்றிலுள்ள அணுக்களை உடைத்து மின்துகள்களைப் பிரித்துவிடுகிறது. ஏறக்குறைய 40 முதல் 55 மைல் உயரத்தில் ஒரு படலம், 70 மைலில் ஒன்று, 150 மைலுக்கு மேல் இன்னொன்று என்று அவை அடுக்கடுக்காய் உள்ளன. மேலிரண்டும் அலையைத் திருப்பி அனுப்பும். கீழ்ப்படலமோ திருப்புவதில்லை, விழுங்குகிறது. அங்கே காற்று சற்று அடர்த்தியாதலால், அலையால் அசைக்கப்பட்ட மின்துகள்கள் அக்கம்பக்கத்து அணுக்களின் மேல் மோதித் தம் சக்தியை வெப்பமாக இழந்துவிடுகின்றன. நீண்ட அலைக்கு இந்நஷ்டம் மிக அதிகம். குறுகிய அலைக்குக் குறைவு. சூரியன் மறைந்ததும் கீழ்ப்படலத்தின் துகள்கள் நெருக்கத்தின் காரணமாகவே விரைவில் மீண்டும் கூடிவிடுகின்றன, படலம் கலைகிறது. மேலே காற்று மெலிந்திருப்பதால் அங்குள்ளவை இரவிலும் நிலைக்கின்றன. விழுங்குகிறவன் போய்விட்டான், திருப்புகிறவன் இருக்கிறான். ஆகவே தூரத்துக் குரல் வருகிறது.

இனி, சென்னை ஏன் தடுமாறுகிறது? திருவண்ணாமலைக்குச் சென்னை நேர்வழியில் சுமார் 100 மைல். இவ்வளவு தூரத்துக்கு நிலத்தை ஒட்டி வரும் அலையும் சற்று மெலிந்தாவது வந்து சேரும். இரவில் ஆகாயத்திலிருந்து திரும்பும் அலையும் வரும். ஐயங்குளத்தில் இரண்டு கற்களை எறிந்தால், இரு வளையங்களின் மேடும் மேடும் கூடுமிடத்தில் நீர் உயரும். மேடும் பள்ளமும் சந்திக்குமிடத்தில் அடங்கும். அப்படியே இரு வழி வந்த அலைகளும் ஒரு நிமிஷம் ஒன்றையொன்று வளர்த்து, மறு நிமிஷம் ஒன்றையொன்று அழிக்கின்றன. கொழும்பு சுமார் 370 மைல் தொலைவிலுள்ளது. அங்கிருந்து நில அலை அநேகமாக வந்து சேர்வதில்லை. ஆகாய அலை ஒன்றே வருவதால் இச்சண்டை குறைவு.

திசையும் ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது. பூமி ஒரு பெரிய காந்தம். அக்காந்தத்தின் நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகே செல்வதால், இங்கே காந்தக் கோடுகள் பெரும்பாலும் படுத்த நிலையில் தெற்கு வடக்காக ஓடுகின்றன. நட்டு நிறுத்திய கம்பத்திலிருந்து கிளம்பும் மத்திய அலை, கிழக்கு மேற்காகச் சென்றால் மேல்படலத்தில் நுழையும்போது பெரும்பகுதியை இழக்கிறது. தெற்கு வடக்காகச் சென்றால் அவ்வளவு இழப்பதில்லை. கொழும்போ திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ நேர்த் தெற்கு. தமிழ்நாட்டார் பல்லாண்டுகள் இலங்கை வானொலியை விரும்பிக் கேட்டதற்குப் பாட்டுகள் காரணம்தான். மத்திய அலையில் கேட்டவர்களுக்குக் காந்தமும் கொஞ்சம் உதவியது.

உரிமம் பெற்றுத் தம் சொந்த ஆர்வத்தால் ரேடியோ நடத்தும் அமெச்சூர்கள் மத்திய அலைக்கு அடுத்துள்ள 160 மீட்டர், 80 மீட்டர் அலைகளில் இதே விசித்திரங்களைத் தேடிக் காத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் அஸ்தமனமும் மற்றோரிடத்தில் உதயமும் ஒருங்கே நேரும் சில நிமிஷங்களில், 100 வாட் சக்தியே கண்டம் கடந்து சென்றுவிடும். பிறகு கதவை அடைத்தாற்போல் மறைந்துபோகும். சில சமயம் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும், மறுமொழி மட்டும் கேட்காது. பெரும்பாலும் இதற்குக் காரணம், கேளாதவர் ஊரில் இடிமின்னல் எழுப்பும் இரைச்சலே. நம் பக்கத்துக் கோடை இரவுகளில் இத்தொல்லை அதிகம். மார்கழி, தை மாதங்களில் குறையும்.

ஆதலால், பெட்டியைப் பழுதென்று தள்ளுமுன் ஒரு வாரம் காலை, நண்பகல், மாலை 6 மணி, இரவு 9 மணி ஆகிய வேளைகளில் எது கேட்டது என்று நோட்டில் குறித்து, அயலூர்ப் பெட்டியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இரு பெட்டிகளும் ஒரே வேளையில் தடுமாறினால் செலவு வேண்டாம். பெட்டியை மெல்லத் திருப்பிப் பார்ப்பதும், மின்விளக்குக்கும் மோட்டாருக்கும் தூரமாக வைப்பதும் செலவில்லாத வைத்தியம். உலகெங்கும் பல மத்திய அலை நிலையங்கள் மூடப்பட்டுவிட்டன என்பதையும் நினைவில் வைக்கவும். கேளாத நிலையம் இல்லாத நிலையமாகவும் இருக்கலாம். புயல் எச்சரிக்கைக்கு இரவில் மட்டும் வரும் நிலையத்தை நம்பலாகாது; அது பகலில் உதவாது.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை தாக்கியபோது, அமெச்சூர் நிலையம் நடத்துவதற்காக அந்தமான் சென்றிருந்த பாரதி பிரசாத் முதலியோர் தம் கருவிகளை அவசரச் செய்திகளுக்குத் திருப்பினர். கம்பியும் தொலைபேசியும் அற்றபோதும் ஆகாயக் கண்ணாடி இருந்தது. அத்தகைய வேலைக்குப் பகலில் குறுகிய அலையும், இரவு ஏற ஏற நீண்ட அலையும் தெரிந்தெடுக்கப்படும். மத்திய சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறியவர்கள் இதற்குரிய உரிமத்தைப் பெறலாம்.