ரோட்டுக்கு இந்தப் பக்கம் மானியம், அந்தப் பக்கம் பூஜ்யம்: அமெரிக்க விவசாயப் பணம் எப்படிக் கணக்காகிறது?

அயோவா மாதிரி ஒரு அமெரிக்க மாநிலம். ஒரு கிராமத்துச் சாலை, இரண்டு பக்கமும் மக்காச்சோளம். ஒரே மண், ஒரே விலை. அடுத்த ஆண்டு அக்டோபரில் இடது பக்கத்து விவசாயிக்கு அரசுப் பணம் வருகிறது. வலது பக்கத்துக்காரருக்கு ஒரு டாலர்கூட இல்லை. காரணம், அந்தச் சாலைதான் இரண்டு கவுன்டிகளுக்கு எல்லை.

காட்சி கற்பனைதான். விதி நிஜம்.

அது என்ன கணக்கு?

கவுன்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி. அங்கே 3,000-க்கும் மேல் இருக்கின்றன. 2014 விவசாயச் சட்டத்தில் வந்த ‘ஏஆர்சி’ என்ற திட்டத்தின் கவுன்டி பிரிவு, விவசாயியின் சொந்த விளைச்சலைப் பார்ப்பதில்லை. கவுன்டியின் சராசரி விளைச்சலைத்தான் பார்க்கும். விலை, நாடு முழுவதற்குமான சராசரி.

ஐந்து ஆண்டு விளைச்சலில் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு, மீதி மூன்றின் சராசரியை எடுப்பார்கள். விலைக்கும் அதே முறை. இரண்டையும் பெருக்கினால் வருவது அடிப்படை வருவாய். கவுன்டியின் உண்மையான வருவாய் அதில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம் உண்டு (2025 பயிருக்கு முன்பு 86 சதவீதம்).

ஏக்கருக்கு அடிப்படை 800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உத்தரவாதம் 720. இந்தக் கவுன்டியில் 680 வந்தால் குறை 40 டாலர். பக்கத்துக் கவுன்டியில் 730 வந்துவிட்டதா? பூஜ்யம். உங்கள் வயல் மட்டும் ஆலங்கட்டி மழையில் நாசமாகியிருந்தாலும் இந்தத் திட்டத்தில் ஒன்றும் கிடைக்காது. அதற்குத் தனியாகப் பயிர்க் காப்பீடு எடுத்திருக்கணும்.

விதைக்காத பயிருக்கும் பணமா?

ஆமாம். இதுதான் கேட்பவர்களைத் தலைசுற்ற வைக்கும் இடம். பணம் ‘பேஸ் ஏக்கர்’ என்ற பழைய பதிவின் மேல்தான் கிடைக்கும், அதுவும் அதில் 85 சதவீதத்துக்கு. பல பத்தாண்டுகளுக்கு முன் அந்த நிலத்தில் என்ன பயிரிட்டார்கள் என்பதிலிருந்து உருவான பதிவு அது. பதிவில் மக்காச்சோளம் இருந்து, இப்போது சோயா போட்டிருந்தாலும், மக்காச்சோளத்துக்கான பணம்தான். பதிவே இல்லாத நிலத்தில் எவ்வளவு நஷ்டப்பட்டாலும் இதில் இடமில்லை. 2025 சட்டம் புதிதாக 3 கோடி ஏக்கர் வரை சேர்க்க அனுமதித்திருக்கிறது.

குத்தகைக்காரர் நிலைமை? பணக் குத்தகை என்றால் மானியம் பயிரிடுபவருக்கு. ஆனால் மானியம் வரும் நிலத்துக்கு உரிமையாளர் குத்தகையை ஏற்றிக் கேட்கலாமே!

2019-ல் என்ன நடந்தது?

சீனாவுடனான வர்த்தகப் போரில் அடிபட்ட விவசாயிகளுக்கு அரசு நிவாரணம் கொடுத்தது. அதுவும் கவுன்டி வாரியாகத்தான்: ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 டாலர் வரை. பருத்தி அதிகமுள்ள தென் மாநிலக் கவுன்டிகள் பலவற்றுக்கு உயர்ந்த விகிதம் கிடைத்ததில் வடக்கே கடுப்பானவர்கள் நிறைய.

உள்ளூரில் யார் கையில்?

இந்தச் சூத்திரங்களை வாஷிங்டன் போடுகிறது. ஆனால் உள்ளூர் அலுவலகத்தைக் கவனிப்பது அந்தப் பகுதி விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் கவுன்டி கமிட்டி. கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால், கடனிலும் உதவியிலும் பாகுபாடு காட்டினார்கள் என்று கறுப்பின விவசாயிகள் 1997-ல் வழக்குப் போட்டார்கள். ‘பிக்ஃபோர்ட்’ வழக்கு என்று பெயர். 1999-ல் சமரசம் ஏற்பட்டு, 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு போனது. மனு கொடுக்கத் தவறியவர்களுக்காக 2010-ல் இன்னும் 125 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. கமிட்டித் தேர்தல் இன்னமும் நடக்கிறது.