இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம், ஆனால் வேலை?

அமெரிக்காவில் ஒரு கவுண்டி சிறை. ஓர் இளைஞர் மூன்று வாரமாக உள்ளே இருக்கிறார். கடையில் பொருள் திருடியதாக வழக்கு. தான் எடுக்கவே இல்லை என்கிறார். ஆனால் ஜாமீனுக்குக் கட்டப் பணமில்லை, விசாரணைக்கோ இன்னும் சில மாதங்கள் ஆகும். அரசு செலவில் கிடைத்த வக்கீல் வந்து சொல்கிறார்: "குற்றத்தை ஒத்துக்கிட்டீங்கன்னா, இதுவரைக்கும் உள்ள இருந்த நாளையே தண்டனையா எடுத்துப்பாங்க. இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் அநேகமாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இந்த இளைஞர் நான் உதாரணத்துக்குச் சொன்னவர். ஆனால் நிலைமை கற்பனை இல்லை. இதற்குப் பெயர் பிளீ பார்கெயின். குற்றத்தை ஒப்புக்கொண்டால் குறைந்த தண்டனை என்று அரசுத் தரப்பு வக்கீலோடு செய்துகொள்ளும் பேரம். சினிமாவில் பார்க்கிற ஜூரி விசாரணையெல்லாம் அங்கே அபூர்வம். 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் கணக்குச் சொன்னது: மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுபவர்களில் 97 சதவீதம், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள்.

ஏன் இத்தனை பேர்? மறுத்தால் விலை கூடும், அதனால்தான். கென்டக்கியில் ஹேஸ் என்பவர் மீது 88 டாலர் 30 சென்ட்டுக்கு ஒரு போலி காசோலை வழக்கு. ஒப்புக்கொண்டால் ஐந்து வருடம் கேட்கிறேன், இல்லாவிட்டால் பழைய குற்றங்களையும் சேர்த்து ஆயுள் தண்டனை வருகிற பிரிவில் போடுவேன் என்றார் அரசு வக்கீல். ஹேஸ் மறுத்தார். ஆயுள் தண்டனை கிடைத்தது. இப்படி மிரட்டலாமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-ல், 5-க்கு 4 என்ற கணக்கில், செய்யலாம் என்று தீர்ப்பு வந்தது.

சரி, கையெழுத்துப் போட்டு வெளியே வந்தாயிற்று. அதற்குப் பிறகு என்ன?

பேரத்தில் இருவரும் பேசுவது சிறை நாட்கள், அபராதம், கண்காணிப்புக் காலம். வேலையைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. ஆனால் நீண்ட நாள் கூடவே வரப்போவது அதுதான்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நிறுவனங்கள் பின்னணி விசாரணை செய்கின்றன. இதில் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. தண்டனையில் முடியாத கைது என்றால், மத்திய சட்டப்படி அந்த அறிக்கையில் பொதுவாக ஏழு வருடத்துக்கு மேல் காட்டக்கூடாது. தண்டனைக்கு அப்படிக் கால வரம்பு கிடையாது. (சில மாநிலங்கள் சொந்தமாக வரம்பு வைத்திருக்கின்றன.) அதாவது, நம் இளைஞர் சில மாதம் காத்திருந்து வழக்கு தள்ளுபடியாகியிருந்தால் ஒருநாள் மறைந்துபோகும் விஷயம், ஒத்துக்கொண்டதால் காலம் முழுக்க நிற்கலாம். ஒருநாள்கூடச் சிறையில் இல்லாமல் வெறும் அபராதத்தோடு முடிந்தாலும் தண்டனை தண்டனைதான்.

அது எவ்வளவு பாதிக்கும்? சமூகவியலாளர் டேவா பேஜர், விஸ்கான்சினில் மில்வாக்கி நகரில் ஒரு சோதனை செய்து 2003-ல் வெளியிட்டார். ஒரே மாதிரி படிப்பும் அனுபவமும் கொண்டதாகக் காட்டிக்கொண்ட இளைஞர்களைச் சாதாரண வேலைகளுக்கு விண்ணப்பிக்க அனுப்பினார். சிலருக்குப் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றதாக ஒரு கற்பனைப் பின்னணி. குற்றப் பதிவு இல்லாத வெள்ளையர்களில் 34 சதவீதம் பேருக்கு அழைப்பு வந்தது. பதிவு உள்ளவர்களுக்கு 17. கறுப்பினத்தவரில் பதிவு இல்லாதவர்களுக்கு 14, உள்ளவர்களுக்கு 5. கவனித்தீர்களா? குற்றமே செய்யாத கறுப்பின இளைஞருக்கு, சிறை சென்று வந்த வெள்ளைக்காரரைவிடக் குறைவான அழைப்பு.

இதைச் சரிசெய்ய, விண்ணப்பத்தில் "தண்டனை பெற்றதுண்டா?" என்று கேட்கும் கட்டத்தையே எடுத்துவிடு என்று ஓர் இயக்கம் கிளம்பியது. ஹவாய் 1998-லேயே செய்தது. நல்ல யோசனைதான், ஆனால் ஒரு சிக்கல். அமாண்டா ஏகன், சோன்யா ஸ்டார் இருவரும் நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் சுமார் 15,000 போலி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். அந்தக் கட்டம் இருந்த நிறுவனங்களில், சட்டம் வருவதற்கு முன் வெள்ளையருக்கு 7 சதவீதம் கூடுதல் அழைப்பு. சட்டம் வந்த பின் 43 சதவீதம். கேட்கக்கூடாது என்றதும், பெயரைப் பார்த்து யூகிக்க ஆரம்பித்துவிட்டார்கள்!

பதிவையே மறைத்துவிடுவது இதைவிடப் பலன் தருகிறது. மிச்சிகனில் அப்படி மறைக்கப்பட்டவர்களின் சம்பளம் ஒரு வருடத்துக்குள் சராசரியாக 20 சதவீதத்துக்கும் மேல் கூடியதாக ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் தகுதி இருந்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் அதைப் பெற்றவர்கள் வெறும் 6.5 சதவீதம். மனு, கட்டணம், அலைச்சல். பாதிப் பேருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாதோ என்னவோ. அதனால்தான் பென்சில்வேனியா 2018-ல், சில பதிவுகள் மனு போடாமலே தானாக மூடப்படும்படி சட்டம் கொண்டுவந்தது.

விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சில மாநிலங்களில், ஒத்துக்கொண்டு ஒழுங்காக நடந்தால் வழக்கைப் பிறகு தள்ளுபடி செய்துவிடுவார்கள். ஆனால் ஒத்துக்கொண்டு, நீதிமன்றம் ஏதாவது கட்டுப்பாடும் விதித்திருந்தால், குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனையேதான். நாடு கடத்தப்படும் அபாயத்தை வக்கீல் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலை போகும் அபாயத்தைச் சொல்ல வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் இல்லை.

ஆகவே அதை நாமேதான் கேட்க வேண்டும். "எத்தனை நாள் உள்ளே?" என்பதோடு இன்னும் மூன்று கேள்விகள்: இது தண்டனையாகப் பதிவாகுமா? பிற்பாடு மறைக்க முடியுமா? என் தொழில் உரிமத்தையோ விசாவையோ தொடுமா? மூன்று வாரம் உள்ளே கிடந்தவருக்கு இதையெல்லாம் கேட்கிற நிதானம் இருக்குமா என்பது வேறு கேள்வி. அந்த நிதானம் இல்லாத நேரத்தில்தான் பேனாவை நீட்டுகிறார்கள்.