ஏரிக்கரையின் தாழ்ந்த இடம்: ஒரு சபையின் நலத்தை அறிவது எப்படி?

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதியில், பச்சைமலையை அடுத்து அமைந்துள்ள துறையூர், சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் கடைவீதியாகவும் வட்டத் தலைநகராகவும் விளங்கும் ஊராகும். இத்தகைய ஊர்களில் இயங்கும் கிறித்தவச் சபைகள் பலவற்றில், ஒரே போதகர் ஊர்ச் சபையோடு அக்கம்பக்கத்துக் கிராமச் சபைகளையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இளையோர் படிப்பையும் பிழைப்பையும் தேடித் திருச்சி, திருப்பூர், சென்னை, பெங்களூரு என்று புறப்பட்டுவிடுகின்றனர். கிறிஸ்துமஸ் அன்று நிரம்பி வழியும் ஆலயம் மற்ற ஞாயிறுகளில் பாதி காலியாகக் கிடக்கிறது. இப்படிப்பட்ட சபை நலமாக இருக்கிறதா, நலிந்து வருகிறதா என்று கேட்டால், கோபுரத்தின் உயரத்தையோ பண்டிகைக் கூட்டத்தையோ காட்டி விடை சொல்லிவிட முடியாது. அதற்கான விடை ஆலயத்து அலமாரியில் உறங்கும் பதிவேடுகளிலும், உறுப்பினர்கள் ஒருவரையொருவர் நடத்தும் முறையிலும் இருக்கிறது.

‘சபை’ என்னும் சொல் இங்கே உலகளாவிய திருச்சபையைக் குறிக்காமல், ஓரிடத்தில் கூடி வழிபடும் மக்கள் தொகுதியைக் குறிக்கிறது. சீர்திருத்தச் சபையினர் பல சபைகளை இணைத்துச் ‘சேகரம்’ என்றும், கத்தோலிக்கர் ஒரு குருவின் பொறுப்பிலுள்ள மக்களைப் ‘பங்கு’ என்றும் வழங்குவர். வழிபாடு, போதனை, உறவு, தொண்டு, நிர்வாகம் ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் நிலையையே சபையின் நலம் எனலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறித்தவர்கள் ஏறத்தாழ 44 இலட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் 6.12 விழுக்காட்டினர். இந்த எண் அவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்லுமேயன்றி, அவர்கள் கூடும் சபைகள் எப்படி இருக்கின்றன என்பதைச் சொல்லாது.

பழைய வழக்கம்

சபையைச் சோதித்தறிதல் மேலாண்மைக் கல்லூரிகள் கண்டுபிடித்த புதுமையன்று. புதிய ஏற்பாட்டின் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷம், எபேசு முதல் லவோதிக்கேயா வரை ஆசியா மைனரின் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட ஏழு கடிதங்களைக் கொண்டுள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை முதலில் நல்லதைப் பாராட்டி, பிறகு குறையைச் சுட்டி, அதன் பின் செய்யவேண்டியதைச் சொல்லும் ஒரே ஒழுங்கில் அமைந்துள்ளன. செல்வச் செழிப்பில் திளைத்த லவோதிக்கேயா கடுமையாகக் கண்டிக்கப்பட, வறுமையில் வாடிய சிமிர்னாவின்மேல் ஒரு குறையும் சொல்லப்படாதது கவனிக்கத்தக்கது.

ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தரும் அவருடைய தோழர்களும் 1527, 1528ஆம் ஆண்டுகளில் சாக்சனி நாட்டுச் சபைகளை ஊர் ஊராகச் சென்று பார்வையிட்டபோது, சாதாரண மக்களும் போதகர்கள் பலரும் விசுவாசத்தின் அடிப்படைகளைக்கூட அறியாதிருந்ததைக் கண்டனர். அந்த ஆய்வின் விளைவாக 1529இல் பிறந்ததே வீட்டில் பெற்றோர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தக்க சிறிய ஞானோபதேச நூல். குறையைக் கண்டவர்கள் அறிக்கை எழுதியதோடு நிற்காமல் அக்குறைக்கேற்ற மருந்தையும் செய்தளித்தனர் என்பதே இதிலுள்ள பாடம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அந்நூலைத் தமிழாக்கினார். தரங்கம்பாடி மிஷனரிகள் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பிவந்த அறிக்கைகளில் சபைகளின் வளர்ச்சியும் தளர்ச்சியும் தொடர்ந்து பதிவாயின.

அந்தத் தரங்கம்பாடி மரபு திருச்சிக்கு வந்தது 1762இல் இங்கு முதன்முறையாக வந்த மிஷனரி கிறிஸ்தியான் ஃபிரீட்ரிக் சுவார்ட்ஸ் வாயிலாகவே. 1766இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. எனினும் அவருடைய பணியின் உயிர்நாடி அவர் பயிற்றுவித்த உபதேசியார்களிடமே இருந்தது. உபதேசியார் என்போர் குருப்பட்டம் பெறாமல், கிராமங்களில் தங்கிக் கற்பித்தும் ஜெபித்தும் சபையைப் பேணிய உள்ளூர் ஊழியர்கள். சுவார்ட்ஸ் 1778இல் தஞ்சைக்குக் குடிபெயர்ந்த பின்னும் திருச்சிச் சபை நிலைத்திருந்ததற்கு இந்த உள்ளூர் வேர் முக்கியக் காரணம். கத்தோலிக்கத் தரப்பிலும் இதே உண்மை உணரப்பட்டிருந்தது. திருச்சிக்கு அருகிலுள்ள ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், உபதேசியார்கள் எப்படி வாழவேண்டும் என்பதற்காகவே ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை 18ஆம் நூற்றாண்டில் எழுதினார்.

அளவுகோல்களும் அவற்றின் குறைகளும்

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹென்றி வென்னும் அமெரிக்காவின் ரூஃபஸ் ஆண்டர்சனும், ஒரு சபை முதிர்ச்சியடைந்ததற்கு மூன்று அடையாளங்களைக் கூறினர்: தன் செலவைத் தானே தாங்குதல், தன் நிர்வாகத்தைத் தானே நடத்துதல், தன் செய்தியைத் தானே பரப்புதல். 1919 ஜனவரி 14 அன்று உருவாகித் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தொடங்கப்பட்ட தென்னிந்தியத் திருச்சபையும் இந்தச் சுயாட்சி நோக்கத்தையும் கொண்டு வளர்ந்தன.

சபை வளர்ச்சியைப் புள்ளிவிவரத்தோடு ஆராயும் துறை இந்திய மண்ணிலிருந்தே கிளைத்தது என்பது பலர் அறியாத செய்தி. மெதடிஸ்ட் மிஷனரியான வாஸ்கம் பிக்கெட், இந்தியாவில் கூட்டங்கூட்டமாகக் கிறித்தவத்தைத் தழுவிய மக்களை ஆராய்ந்து 1933இல் ஒரு நூல் வெளியிட்டார். மத்திய இந்தியாவின் தமோவில் பிறந்த டொனால்ட் மக்கவ்ரன் அதனால் தூண்டப்பட்டு, சில சபைகள் ஏன் வளர்கின்றன, சில ஏன் தேங்குகின்றன என்று கேட்கத் தொடங்கினார். ஆனால் மக்கள் தம் இனம், சாதி, மொழி ஆகிய எல்லைகளைத் தாண்டாமலேயே கிறித்தவராக விரும்புகின்றனர் என்னும் அவருடைய கருத்து, சபைக்குள் சாதிக்கு இடமளித்துவிடும் என்ற கண்டனத்துக்கும் உள்ளானது. எண்ணிக்கை பெருகுவதும் நலம் பெருகுவதும் ஒன்றாகா என்பதற்கு இவ்விவாதமே சான்று.

1996இல் ஜெர்மானிய ஆய்வாளர் கிறிஸ்தியான் சுவார்ஸ், 32 நாடுகளில் 1000 சபைகளை ஆராய்ந்ததாகக் கூறி எட்டுப் பண்புகளை முன்வைத்தார்: பிறரை ஆற்றல்படுத்தும் தலைமை, அவரவர் வரத்துக்கேற்ற பணி, ஆர்வமுள்ள பக்தி, பயன்படும் அமைப்பு, ஊக்கமூட்டும் வழிபாடு, வாழ்க்கை முழுவதையும் தொடும் சிறு குழுக்கள், தேவையறிந்து நற்செய்தி கூறல், அன்புறவு. இவற்றுள் எது மிகவும் தாழ்ந்திருக்கிறதோ அதுவே முழு வளர்ச்சிக்கும் எல்லையிடுகிறது என்பது அவருடைய மையக் கருத்து. துறையூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஏரியில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது கரையின் உயர்ந்த இடம் அன்று, தாழ்ந்த இடமே. உயர்ந்த இடத்தில் இன்னும் பத்துக் கூடை மண் கொட்டினாலும் தாழ்ந்த இடத்தின் வழியே நீர் வழிந்தோடிவிடும். இந்த எட்டுப் பண்புகளைப் பற்றியும் புள்ளியியல், இறையியல் நோக்குகளில் எதிர்க்கருத்துகள் உண்டு. ஆகவே இவற்றை வேதவாக்காகக் கொள்ளாமல், பேச்சைத் தொடங்கிவைக்கும் கருவியாகக் கொள்வதே தகும்.

பதிவேடு பேசும்போது

இந்த அளவுகோல்களை ஒரு சிறிய சபையில் பயன்படுத்தத் தனி வல்லுநர் தேவையில்லை. ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகளும், திருவிருந்தில் பங்கேற்றோர் எண்ணிக்கையும், காணிக்கைக் கணக்கும் சபைகளில் இருப்பவையே. கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகளை வைத்திருப்பதும், நிதிக்குழு அமைப்பதும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி கட்டாயம். ஆயர் தம் மறைமாவட்டம் முழுவதையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் பார்வையிட வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதி. எழுதிவைப்பதில் குறைவில்லை, எழுதியதை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிப்பதில்தான் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டாக, 120 குடும்பங்களுள்ள சபை ஒன்றில், 15 ஆண்டுகளுக்கு முன் ஒரே ஆண்டில் 10 குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றிருக்க, இந்த ஆண்டு திடப்படுத்தல் வகுப்பில் 4 பேர் மட்டுமே இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். திடப்படுத்தல் என்பது குழந்தைப் பருவத்தில் பெற்றோர் எடுத்த உறுதிமொழியைப் பிள்ளை வளர்ந்தபின் தானே ஏற்கும் சடங்கு. எஞ்சிய 6 பேர் எங்கே என்னும் கேள்வியோடு வீடு வீடாகச் சென்றால், ஒரு குடும்பம் ஊர் மாறியதும், ஒரு பிள்ளை விடுதியில் படிப்பதும், இன்னொரு குடும்பம் அருகிலுள்ள வேறு சபைக்குச் சென்றுவிட்டதும், மற்றொன்று யாரும் கேட்காததால் ஒதுங்கிவிட்டதும் போன்ற காரணங்கள் தெரியவரும். காரணம் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஊர் மாறியோருக்குச் சபை மாற்றுக் கடிதமும் தொடர்பும் போதும். ஒதுங்கியோருக்கு மன்னிப்புக் கேட்பதும் தேவைப்படலாம்.

காணிக்கைக் கணக்கும் இவ்வாறே பேசும். மொத்தக் காணிக்கையில் பாதி ஐந்தாறு குடும்பங்களிடமிருந்தே வருமானால், அக்குடும்பங்களின் தாராளம் பாராட்டத்தக்கது எனினும், சபைக் கமிட்டியில் அவர்களின் குரலே ஓங்கி ஒலிக்கும் ஆபத்தும் உடன் வரும். செலவுப் பக்கத்தில் ஒலிபெருக்கிக்கும் வர்ணப்பூச்சுக்கும் ஆனதோடு, விதவைகளின் உதவிக்கும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் ஆனதை ஒப்பிட்டால், சபை எதை நேசிக்கிறது என்பது வாய்ப்பேச்சின்றியே விளங்கிவிடும்.

பதிவேட்டில் ஏறாத அளவைகளும் உண்டு. புதிதாகக் குடிவந்த குடும்பத்தின் பெயர் மூன்று மாதத்துக்குப் பின் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது? செல்வாக்குள்ளவர் வீட்டு அடக்க ஆராதனைக்கு வந்த கூட்டத்தில் எத்தனை பேர் கூலித்தொழிலாளியின் வீட்டு அடக்கத்துக்கும் வந்தனர்? பாடகர் குழுவிலும் கமிட்டியிலும் எல்லாத் தெருவினரும் இருக்கின்றனரா? இக்கடைசிக் கேள்வியைத் தமிழகச் சபைகள் தவிர்க்கவே இயலாது. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சபைகளில் சாதி வேற்றுமையை ஒழிக்க ஆணையிட்டபோது தஞ்சைச் சபையில் பலர் பிரிந்து சென்றனர். திருச்சி மாநகரில் கல்லறைத் தோட்டம் ஒன்றில் சாதியின் பெயரால் நின்ற சுவர் அண்மைக் காலம்வரை பொது விவாதமாக இருந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது 2016இல்தான். மற்ற ஏழு பண்புகளில் முழு மதிப்பெண் பெற்ற சபையும் அன்புறவு என்னும் இந்த ஓரிடத்தில் கரை தாழ்ந்திருந்தால் நீரைத் தேக்க இயலாது.

வலுப்படுத்தும் வழி

ஆய்வு முடிந்தபின் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் திருத்த முயல்வது, எதையும் திருத்தாமல் விடுவதற்கு ஒப்பாகும். மிகவும் தாழ்ந்த ஒரு பண்பைத் தேர்ந்து, அதற்கு இரண்டு மூன்று செயல்களை வகுத்து, பொறுப்பாளரையும் கெடுவையும் குறித்து, ஓராண்டுக்குப் பின் அதே பதிவேட்டைக் கொண்டு மீண்டும் அளப்பதே நடைமுறைக்கு உகந்தது.

அத்தகைய செயல்களுள் முதன்மையானது உபதேசியார் மரபைப் புதிய வடிவில் மீட்டெடுப்பது. ஒரே போதகர் பல கிராமங்களைக் கவனிக்கும் சேகரத்தில், வேதம் வாசிக்கவும் நோயாளிகளைச் சந்திக்கவும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆண்களும் பெண்களும் இல்லாவிட்டால், மாதம் ஒருமுறை நடக்கும் ஆராதனையே அக்கிராமச் சபையின் முழு வாழ்வாகச் சுருங்கிவிடும். கத்தோலிக்கப் பங்குகளில் அருகருகே வாழும் குடும்பங்கள் வீடுகளில் கூடி ஜெபித்து, தம் பகுதியின் இன்பதுன்பங்களைப் பகிர்ந்துகொள்ளும் ‘அன்பியம்’ என்னும் சிறு குழுவும், சீர்திருத்தச் சபைகளின் வீட்டு ஜெபக்கூட்டமும் இதே தேவையை நிறைவேற்றுகின்றன. கூட்டத்தில் கண்ணுக்குத் தப்பும் கண்ணீர் பத்து வீட்டார் கூடும் திண்ணையில் தப்புவதில்லை.

அடுத்தது கணக்கின் வெளிப்படைத்தன்மை. தமிழகத்தில் திருச்சபைத் தேர்தல்களும் சொத்துகளும் நீதிமன்றம் ஏறி, ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகத்துக்கு நியமிக்கும் நிலை வந்ததுண்டு. அத்தகைய பெருநோய்க்கான தடுப்பு மருந்து, மாதந்தோறும் வரவுசெலவை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டும் சிறு வழக்கத்தில் தொடங்குகிறது.

ஆய்வைப் போதகர்மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கும் கருவியாக்குவது இங்கு நேரக்கூடிய பெரிய பிழை. போதகர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவர். சபையோர் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பர். ஆகவே கேள்விகளை எழுப்புவதிலும் விடைகளைத் தேடுவதிலும் மூத்தோர், இளையோர், பெண்கள், ஏழைகள் என எல்லாரும் பங்கு பெற வேண்டும். எழுத்தறியாதோரின் கருத்தைப் படிவத்தில் கேட்காமல் வீட்டுக்குச் சென்று வாய்மொழியாகக் கேட்க வேண்டும். உடல் நலச் சோதனைக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்ப்பவர் நோயைத் தவிர்ப்பதில்லை. சபைக்கும் இது பொருந்தும்.

துறையூரிலும் அதனையொத்த ஊர்களிலும் உள்ள சபையோர், அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குள் கடந்த பத்து அல்லது பதினைந்து ஆண்டுகளின் பதிவேடுகளை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்து, அவற்றில் பெயர் இருந்தும் ஆலயத்தில் முகம் காணாதவர்களின் பட்டியலை எழுதுவார்களாக. அந்தப் பட்டியலின் முதல் வீட்டுக்கு அந்த வாரமே நடந்து செல்வார்களாக.