மௌனத்துக்கும் தவணை

வாகனக் கணினிப் பாதுகாப்பு ஆய்வென்பது, பூட்டை உடைத்துக் காட்டிப் பூட்டைப் பலப்படுத்தும் படிப்பு. அமெரிக்கப் பேராசிரியர்கள் தடயோஷி கோனோ, ஸ்டீஃபன் சாவேஜ் ஆகியோரின் குழு 2010இல் காருக்குள் மடிக்கணினியை இணைத்து பிரேக்கையே முடக்கியது. 2011இல் கைப்பேசி அலை வழியே தொலைவிலிருந்தும் நுழைந்தது. தயாரிப்பாளரிடம் சொன்னார்கள், ஊருக்குப் பெயர் சொல்லவில்லை. முழுதும் சரியாக ஏறக்குறைய 5 ஆண்டாயிற்று.

2015இல் வேறு இருவர் ஓடும் ஜீப்பை முடக்கிப் பகிரங்கப்படுத்தினர். சில நாளில் 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

அப்படியானால் மௌனம் தப்பா? தீங்கு விளைக்கும் உண்மையைச் சொல்லாதே என்கிறது சமண அணுவிரதம். ஆனால் மௌனத்தாலும் தீங்கு வருமே! வியாபாரத்தில் கடனுக்குத் தவணை போடுகிறோம். இந்த மௌனத்துக்கும் போட வேண்டும் என்பேன். ஓட்டுநரில்லா வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன; கோப்பைப் பூட்டிப் பணம் கேட்பவன் நாளை வண்டியையும் பூட்டுவான். அவன் தவணை பார்க்க மாட்டான்.