பெயரும் வழியும்

வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்வோர் இன்று பலர். அவர்தம் கணினியை அலுவலக வலையமைப்புடன் பாதுகாப்பாக இணைப்பது ‘மெய்நிகர் தனியார் வலையமைப்பு’ ஆகும். இதனைச் சுருக்கமாக வி.பி.என். என்பர். இது பொது இணையத்தின் ஊடே அமைந்த சுரங்கப்பாதை போன்றது. இதன்வழிச் செல்லும் செய்திகள் மறையாக்கம் செய்யப்படுவதால் இடையில் உள்ளோர் அவற்றைப் படித்தல் அரிது.

சில வேளைகளில், இணையம் நன்கு இயங்கும்போதே இவ்விணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். அதற்குரிய காரணங்களுள் இரண்டினை இங்குக் காண்போம்.

முதலாவது, பெயர். நாம் பெயரால் அழைக்கும் சேவையகத்தைக் கணினி எண்முகவரியால் அறிகிறது. பெயருக்குரிய எண்ணைத் தருவது டி.என்.எஸ். என்னும் அமைப்பு, 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் இதனை வடிவமைத்தார். சுரங்கம் திறந்தபின், பல அலுவலகங்களில், கணினி உள்வலையிலுள்ள டி.என்.எஸ். சேவையகத்தையே வினவும். இணைப்பு அறுந்தால், மீண்டும் இணைவதற்கு எண் தேவை. எண்ணைச் சொல்ல வேண்டியதோ சுரங்கத்திற்கு அப்பால் உள்ளது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய நிலை இது.

இரண்டாவது, வழி. எல்லாச் செய்திகளும் சுரங்கத்தினுள் செல்க என விதித்தால், சுரங்கத்தைத் தாங்கும் பொட்டலங்களும் அதனுள்ளேயே புக முயலும். ஆகவே, சேவையகத்தின் எண்ணுக்கு மட்டும் வீட்டுத் திசைவி வழியாகத் தனிவழி வகுக்கப்படும். ஒரே பெயருக்கு இரண்டு எண்கள் இருந்து, மறுமுறை வேறோர் எண் கிடைத்து, அதற்குத் தனிவழி இல்லையெனில் இணைப்பு நிலைக்காது.

குறையைக் கண்டறியும் முறை:

1. இணைப்பு அறுந்த நேரத்தைக் குறித்துக்கொள்க.
2. இணைப்பதற்கு முன்னும் பின்னும் ‘என்எஸ்லுக்அப்’ கட்டளையால் சேவையகத்தின் எண்ணைக் கேட்டு ஒப்பிடுக.
3. விண்டோஸ் கணினியில் ‘ரூட் பிரின்ட்’ கட்டளையிட்டு, அவ்வெண்ணுக்குத் தனிவழி உண்டா எனக் காண்க.
4. இக்குறிப்புகளை வலையமைப்புப் பொறுப்பாளரிடம் அளிக்க.

மாணவர்களே! இணைப்பு அறும்போது, பணியாளர் பணியில் இல்லை என்று பிறர் கருதக்கூடும். சான்றுடன் எழுதிய நான்கு வரிகள் அப்பழியினின்று அவரைக் காக்கும். சலிப்புற்று, சுரங்கத்தைத் தவிர்த்துப் பிறருடைய ஊதிய விவரத்தையோ மருத்துவக் குறிப்பையோ பாதுகாப்பற்ற வழியில் அனுப்புதல் தகாது. பொறுமையுடன் காரணம் தேடுதலே அறிவுடைமை.

பயிற்சி

1. வி.பி.என். சுரங்கப்பாதைக்கு ஒப்பிடப்படுவது ஏன்?
2. சேவையகத்தின் எண்ணுக்குத் தனிவழி வேண்டுவதன் காரணம் யாது?
3. பிரித்து எழுதுக: இவ்விணைப்பு, அப்பழி.